கைக்குழந்தைக்குக் காது வலியும், காது கேட்கிறதா என்ற கவலையும்

கைக்குழந்தை ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதால், வையம்பட்டி, மருங்காபுரி, புத்தாநத்தம் என்று மணப்பாறையைச் சுற்றி எந்த ஊரானாலும் வீட்டில் முதலில் எழும் பேச்சு ‘உரம் விழுந்திருக்கும்’ என்பதுதான். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கும் பாட்டியைத் தேடிப் போவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் திருஷ்டி, வயிற்று வலி, பல் முளைக்கிறது என்று காரணங்கள் வரிசையாக வரும். காது என்ற எண்ணம் வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். விடிந்து பார்க்கும்போது தலைமாட்டுத் துணியில் மஞ்சளாகக் கறை படிந்திருக்கும். அப்போதுதான் காதில் சீழ் என்பது தெரியும்.

குழந்தையின் காதைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இரண்டு. ஒன்று, நடுச்செவியில் வரும் தொற்று. அது வலிக்கும், காய்ச்சல் வரும், வீட்டையே எழுப்பிவிடும். மற்றது பிறவியிலேயே இருக்கும் கேளாமை. அதில் வலி கிடையாது, அழுகை கிடையாது. குழந்தை சிரிக்கும், நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும். அதனால் முதலாவதற்குக் காட்டும் அவசரத்தில் பாதியைக்கூட இரண்டாவதற்கு நாம் காட்டுவதில்லை. பெரும்பாலான காதுத் தொற்று ஒரு வாரத்தில் அடங்கிவிடும். கேளாமையைக் கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு வருடம் திரும்பி வராது.

முதலில் சீழ் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மூக்கின் பின்பக்கத்தையும், செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் சிறு அறையையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. யூஸ்டேசியன் குழாய் என்று பெயர். பெரியவர்களுக்கு இது சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், நன்றாகச் சாய்ந்து கீழ்நோக்கி இறங்கும். கைக்குழந்தைக்கு அதில் ஏறக்குறையப் பாதி நீளம்தான். அதுவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் இந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் கோத்து, மூக்கிலிருந்து போன கிருமி அதில் பெருகிச் சீழாகும். சீழ் செவிப்பறையை உள்ளிருந்து வெளியே தள்ளும்போதுதான் அந்தத் தாங்க முடியாத வலி. ஆக, நடுச்செவிச் சீழ் மூக்கு வழியாக வருகிற நோய். குளிப்பாட்டியபோது காதில் தண்ணீர் போய்விட்டது என்று தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வெளித்துளையில் ஈரம் தங்கினால் அங்கே வேறு வகைப் புண்ணோ பூஞ்சையோ வரலாம். அது தனி விஷயம்.

‘படுத்துக்கிட்டே பால் குடுக்காத, காதுல சீழு வைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பால் வெளிக்காது வழியாகப் போகாது. தொண்டைக்கு மேலே ஏறி இந்தக் குட்டைக் குழாய் வழியாகப் போகும். புட்டிப் பாலை மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுப்பதும், புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்துவிட்டு வேலை பார்ப்பதும்தான் இதில் மோசமானவை. பாலாடையில் கொடுத்தாலும் தலை சற்று உயரமாக இருக்கட்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்குக் காதுத் தொற்று குறைவாகவே வருகிறது. அசந்து போன தாய் நடு ராத்திரியில் சாய்ந்தபடி பால் கொடுத்துவிட்டால் குற்ற உணர்வு வேண்டாம். குழந்தையின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டால் போதும்.

பேசத் தெரியாத குழந்தைக்குக் காது வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதைப் பிடித்து இழுப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. நாலைந்து மாதத்தில் தன் காதைத் தானே கண்டுபிடித்துச் சும்மா இழுத்துப் பார்க்கும் குழந்தைகள் ஏராளம். சேர்த்துப் பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. நாலு நாளாகச் சளி இருந்து, பிறகு புதிதாகக் காய்ச்சல் வந்திருக்கிறதா? மடியில் நிமிர்த்தி வைத்தால் சமாதானமாகி, தொட்டிலில் கிடத்தியதும் அழுகிறதா? பசியோடு மார்பில் வாய் வைத்து, நாலு வாய் உறிஞ்சியதும் விட்டுவிட்டு அலறுகிறதா? உறிஞ்சி விழுங்கும்போது நடுச்செவியில் அழுத்தம் மாறுவதால் வலி கூடும். இப்படி விட்டுவிட்டுக் குடிப்பது வயிற்று வலியைவிடக் காதைத்தான் அதிகம் சந்தேகிக்க வைக்க வேண்டும்.

சில சமயம் அழுகை சட்டென்று நின்று, கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து நீரோ சீழோ வடியும். செவிப்பறையில் சிறு துளை விழுந்து அழுத்தம் குறைந்ததால் வலி நின்றிருக்கிறது. ‘பறை கிழிந்துவிட்டதே’ என்று பெற்றோர் பதறுவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாக மூடிக்கொள்ளும். வலி நின்றுவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு.

வயதைப் பொறுத்து அவசரமும் மாறும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், காரணம் காதா சளியா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரி. அவ்வளவு சின்ன உடம்பில் கிருமி ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் பரவ அதிக நேரம் ஆகாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காதில் சீழ் தெரிந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். எந்த வயதுக் குழந்தைக்கும் காதின் பின்னால் சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், தொற்று எலும்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதும், வலிப்பும் 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்.

வலிக்கும் காதில் எதையும் ஊற்றாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், தாய்ப்பால் எல்லாமே அன்போடு செய்யப்படுபவைதான். ஆனால் அவை சீழ் இருக்கும் இடத்துக்குப் போகாது. பறையில் துளை இருந்தாலோ உள்ளே போய்க் கெடுதல் செய்யும். காய்ச்சிய எண்ணெய் சூடு ஆறாமல் விழுந்தால் வெந்துவிடும். எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடுவதையும், குளித்ததும் காதில் ஊதுவதையும்கூட விட்டுவிடலாம். குரும்பியை எடுக்கப் பட்ஸ், ஹேர்பின் எதுவும் வேண்டாம். அது தானாக வெளியே நகர்ந்து வந்துவிடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் காதுச் சொட்டு மருந்தும் இந்த வரிசையில்தான் சேரும். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டு மருந்துகள், பறையில் துளை உள்ள காதில் விழுந்தால் உட்செவியைப் பாதித்துக் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். பறை முழுசாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தவர்தான் அதை எழுதித்தர வேண்டும்.

சீழ் வடியும் காதுக்கு வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறை அது. அரசு சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய பருத்தித் துணியில், பழைய வேட்டித் துணி என்றால் ரொம்ப நல்லது, ஒரு துண்டு எடுத்து விளக்குத் திரி போல முறுக்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, திரியின் நுனியைக் காதுத் துளையில் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி வையுங்கள். திரி ஈரமில்லாமல் வரும் வரை இப்படிச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளையாவது. குச்சியில் சுற்றிய பஞ்சு, உதிரும் காகிதம் கூடாது. திரியை உள்ளேயே வைத்துப் பஞ்சால் அடைத்துவிடவும் கூடாது. சீழ் வெளியே வரட்டும். காது காய்ந்தால்தான் பறை ஆறும். சீழ் 14 நாளைக்கு மேல் வடிந்தால் அது நாள்பட்ட நோய். காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சீழ் கொஞ்சம் வடிந்தால் நல்லதுதான், கெட்ட நீர் போகட்டும் என்று வருடக்கணக்கில் விட்டு, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் ஒன்றும் காதில் விழாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. மூன்று மாதத்துக்குள் என்றால் மருத்துவர் சொல்லாமல் அதையும் கொடுக்காதீர்கள். பாட்டிலில் கவனம் தேவை. சொட்டு மருந்தாக வருவதில் 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். 125 என்று போட்ட சிரப்பில் 5 மில்லிலிட்டரில்தான் 125. அதாவது 1 மில்லிலிட்டரில் 25. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மூக்கடைப்புக்குப் பால் கொடுப்பதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு விட்டாலே போதும். ஆன்டிபயாடிக் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எழுதுவார்கள். பெரிய குழந்தைகளுக்குச் சில சமயம் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதும் உண்டு. அதற்காக மருத்துவரிடம் சண்டை போட வேண்டாம். எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.

தொற்றைக் குறைக்கும் தடுப்பூசிகள் அரசு அட்டவணையிலேயே இலவசமாக இருக்கின்றன. ஹிப் கிருமிக்கான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் போடுவார்கள். நடுச்செவிச் சீழுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 ஜூலையில் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம். காய்ச்சல் வருமே என்று தள்ளிப்போடுவது காதையும் சேர்த்துத் தள்ளிப்போடுவதுதான்.

புகையும் ஒரு காரணம். குளித்ததும் சாம்பிராணி காட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து பீடி சிகரெட் பிடிப்பது, விறகடுப்புப் பக்கத்தில் தொட்டில் கட்டுவது எல்லாமே மூக்குக் குழாயின் உட்தோலைப் புண்ணாக்கும். வீட்டில் விறகு வைத்து முறுக்கு சுடும் தாய்மார்கள் தொட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிட்டால் குழந்தைக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கும். காது குத்துவதால் நடுச்செவியில் சீழ் வராது. மடலில் புண் வரும், அவ்வளவுதான். மூன்று தவணைத் தடுப்பூசி முடிந்த பிறகு, சுத்தமான ஊசியில் குத்தினால் கவலையில்லை.

இனி சத்தமில்லாத இரண்டாவது விஷயம்.

உலக அளவில் 1000 குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் குறிப்பிடத்தக்க கேளாமையோடு பிறக்கிறார்கள். இந்தியாவில் இது இன்னும் அதிகம் என்பதே மருத்துவர்களின் கணிப்பு. தமிழ்நாட்டுக்கு என்று ஒரு காரணமும் இருக்கிறது: சொந்தத்தில் கல்யாணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை; மாநிலங்களில் இதுவே அதிகம். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டும்போது, கணவன் மனைவி இருவரிடமும் ஒரே குறையுள்ள மரபணு ஒளிந்திருந்தால், கேட்கும் பெற்றோருக்குக் கேளாத குழந்தை பிறக்கலாம். பரம்பரையில் யாருக்கும் இல்லையே என்பது இதில் ஆறுதல் தராது. எடை குறைந்து பிறந்தவை, இன்குபேட்டரில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தவை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்தவை, மூளைக்காய்ச்சல் வந்தவை, கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தவை என்றால் ஆபத்து கூடுதல். ஆனாலும் கேளாமையோடு பிறப்பவற்றில் கிட்டத்தட்டப் பாதிக்கு இப்படி எந்தக் காரணமும் முன்கூட்டித் தெரிவதில்லை. எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும் என்பது இதனால்தான்.

தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்று பெற்றோர் சொல்வார்கள். அது பரிசோதனையே ஆகாது. எவர்சில்வர் தட்டை ஓங்கும்போது குழந்தை நிழலைப் பார்க்கிறது. தரையின் அதிர்வை உணர்கிறது. பாதி கேட்கும் குழந்தை தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிவிடும். பேச்சில் வரும் ‘ச’, ‘ஸ’, ‘த’ அதன் காதில் விழாது. கேளாத குழந்தையும் இரண்டு மூன்று மாதத்தில் ‘ங்கா’ சொல்லும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

சரியான முதல் பரிசோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். தூங்கும் குழந்தையின் காதில் சிறு ரப்பர் முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்பினால், நல்ல உட்செவி அதற்கு ஓர் எதிரொலி தரும். சில நிமிட வேலை. ஊசியோ வலியோ இல்லை. முதல் தடவை ‘ரெஃபர்’ என்று வந்தால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்த ஈரமோ நடுச்செவி நீரோ இருந்தாலும் அப்படி வரும். மறுபடி எடுக்க வேண்டும். மறுபடியும் அப்படியே வந்தாலோ, இன்குபேட்டரில் இருந்த குழந்தை என்றாலோ, ‘பெரா’ எடுக்க வேண்டும். நெற்றியிலும் காதின் பின்னாலும் சிறு பட்டைகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது அது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. உலகெங்கும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறந்தபோது தேறியிருந்தாலும் பிறகு குறையலாம். ஆறு மாதத்தில் முதுகுப்பக்கம் கூப்பிட்டால் திரும்பவில்லை, பத்து மாதத்தில் ‘தாத்தா, மாமா’ என்று எழுத்து வைத்துப் பிதற்றவில்லை, ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்கவில்லை என்றால் காட்டுங்கள். சளியும் சீழும் வந்து போன பிறகு சில வாரம் நடுச்செவியில் நீர் தங்கிக் காது மந்தமாக இருப்பது சகஜம். மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். ‘அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்’ என்று மாமியார் சொல்லட்டும். தாய்க்குச் சந்தேகம் வந்தாலே பரிசோதிக்கப் போதுமான காரணம் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. தாயின் சந்தேகத்தை வீட்டார் அடக்கிவிடுவதால் வீணாகும் மாதங்கள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகின்றன.

எங்கே போவது? முதலில் மணப்பாறை அரசுத் தலைமை மருத்துவமனை. மேல் பரிசோதனைக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கன்வாடிக்கு வேனில் வரும் டாக்டர் குழு, 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைச் சேர்ந்தது; பிறவிக் கேளாமையும் நடுச்செவித் தொற்றும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே உண்டு. அன்றைக்குப் பிள்ளையைத் தவறாமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஊர் நர்சம்மாவிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

கேளாமை உறுதியானால் முதலில் காதுக் கருவி. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கும் மாட்டலாம். அது போதாத அளவுக்குக் குறை இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை. 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம்; பல லட்ச ரூபாய் ஆகும் சிகிச்சை. ஆறு வயது வரை நேரம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பேச்சுக்கான மூளைப் பகுதி முதல் இரண்டு மூன்று வயதில்தான் ஒலியைப் பிடித்து வளர்கிறது. அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டிலும் நாள் முழுக்கப் பேச வேண்டும். இந்த உழைப்பைத்தான் பல குடும்பங்கள் முன்கூட்டி அறியாமல் திணறுகின்றன. பஸ்ஸுக்கும் கூலி இழப்புக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும். கருவியால் பலனில்லாத குழந்தைக்குச் சைகை மொழி முழு மொழிதான். அதைக் கற்றுத்தருவதில் குறைவொன்றும் இல்லை.

‘பெரா’ எடுக்கப் போகும் நாளில் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் முடிவு சரியாக வரும். காலையில் சீக்கிரம் எழுப்பி, மணப்பாறையிலிருந்து திருச்சி போகும் வரை தூங்க விடாமல் விளையாட்டுக் காட்டி, ஆஸ்பத்திரியில் முறை வரும்போது வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். தலையில் அன்று எண்ணெய் வேண்டாம், பட்டை ஒட்டாது. சளி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பிரசவ அட்டை, இன்குபேட்டரில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டு, முந்தைய பரிசோதனைத் தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கருவி மாட்டிய பிறகு காதில் ‘கீ’ என்று விசில் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். குழந்தையின் காது வளர்ந்து அச்சு தளர்ந்திருக்கும். முதல் வருடத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டியிருக்கும்.